நர்ஸ் சம்பளம் செலவா, முதலீடா? பி.டி.ஆர் விட்டுச்சென்ற கணக்கு

2023 மே 11 அன்று பி.டி.ஆர் அவர்களை நிதித்துறையிலிருந்து தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாற்றியபோது என் டைம்லைனில் ரெண்டே வகைப் பதிவுதான் வந்தது. "தமிழ்நாட்டைத் தூக்கி நிறுத்த வந்த மேதையை அனுப்பிட்டாங்களே" என்று ஒன்று. "அமெரிக்கா ரிட்டர்ன் திமிர் அடங்கிச்சு" என்று இன்னொன்று. இந்த ரெண்டையும் எழுதுறவங்கள்ல பாதிப் பேர் அவர் போட்ட மூன்று பட்ஜெட்டில் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

ஆடியோ விவகாரம் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது போலி என்று அவர் மறுத்துவிட்டார். ஒலிப்பதிவை டெஸ்ட் பண்ண என்னிடம் லேப் கிடையாது. தெரிந்ததை மட்டும் பேசுவோம்.

கொஞ்சம் நீளமான பதிவு. நைட் டியூட்டிகளுக்கு நடுவே துண்டு துண்டாக எழுதினது. டீ ஒன்று எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, எம்.பி.பி.எஸ். அரசு மருத்துவமனையில் வேலை. 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசுப் பணிக்கு வந்த எல்லோரையும் போல 2023ல் எனக்கும் பழைய ஓய்வூதியம் இல்லை, சி.பி.எஸ்.தான் இருந்தது. ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து காசாக்குவதை 2020ல் எடப்பாடியார் ஆட்சியில் நிறுத்தினார்கள். ஆட்சி மாறியும் 2023 வரை அது திரும்பி வரவில்லை. ஆக, பி.டி.ஆர் எடுத்த சில நிலைப்பாடுகளில் என் பாக்கெட்டும் இருக்கு. அதைத் தெரிந்துகொண்டே மேற்கொண்டு படியுங்க.

என் வாதம் இதுதான். டெல்லியைப் பார்த்து அவர் பேசியது சரி. "இலவசம்" என்று கேலி பேசியவர்களுக்கு அவர் கொடுத்த பதிலும் சரி. ஆனால் அதே அளவுகோலை அரசு மருத்துவமனைக்குள் வேலை செய்கிறவர்கள் பக்கம் அவர் திருப்பவே இல்லை. அங்கே மட்டும் பழைய கஜானாக் கணக்கப்பிள்ளையாக மாறிவிட்டார். அவருக்கு அடுத்து 2023ல் வந்த தங்கம் தென்னரசு அவர்களும் அதே தடத்தில் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை இப்போ எழுதுறேன்.

முதலில் சரியானதைப் பேசிவிடுவோம்.

2021 ஆகஸ்ட் 9ல் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் கடன் என்று அதில் இருந்தது. எல்லா டிவியும் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு "என் பங்கு கடனைக் கட்டுறேன், செக் எங்கே கொடுக்கணும்" என்று கிண்டல் நிகழ்ச்சி நடத்தியது. உள்ளே இருந்த மற்ற விஷயங்களை யாரும் பேசவில்லை. அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் எவ்வளவு நஷ்டம், மின்வாரியத்துக்கு ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு நஷ்டம், 2013-14ல் இருந்து வருவாய்ப் பற்றாக்குறை எப்படித் தொடர்ந்து வந்திருக்கு என்று வரிசையாகப் போட்டிருந்தார். எங்க பாஷையில் சொன்னால், நோயாளி வந்ததும் மாத்திரை எழுதாமல், முதலில் ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்து ரிப்போர்ட்டை வீட்டுக்காரங்க கையில் கொடுத்த மாதிரி. அதை நான் மதிக்கிறேன்.

அடுத்து பெட்ரோல். 2021 ஆகஸ்ட் 13 பட்ஜெட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார். வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சொல்லியே குறைத்தார். ஒன்றிய அரசு தன் பங்கைக் குறைக்கத் தொடங்கினது அந்த வருஷ நவம்பரில்தான். அப்புறம் 2022 ஏப்ரலில் பிரதமர், மாநிலங்கள் வரியைக் குறைக்கவில்லை என்று தமிழ்நாட்டின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். பி.டி.ஆருக்குக் கோபம் வந்தது. வராதா?

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். 2021ல் நீங்க போட்ட ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்றிய அரசுக்குப் போனது 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் வரி எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய் 40 காசு. மிச்சம் எல்லாம் செஸ், சர்சார்ஜ், கூடுதல் தீர்வை என்று வேறு வேறு பெயர். அந்தப் பெயரில் வசூலித்தால் மாநிலத்துக்குப் பங்கு தர வேண்டியதில்லை. பகிர வேண்டிய 1.40லும் தமிழ்நாட்டுக்கு வருவது நிதிக்குழு நிர்ணயித்த விகிதப்படிதான். ஒன்பதாவது நிதிக்குழுவில் 7.931 சதவீதமாக இருந்த நம்ம பங்கு பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079 சதவீதம். இந்திய மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 6 சதவீதம்.

குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்தோம், பிறப்பு விகிதம் குறைந்தது. அதனால் மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கும்போது பங்கும் குறையுது. வறுமையைக் குறைத்தோம், அதனால் "நீதான் பணக்காரன் ஆச்சே" என்று இன்னும் குறையுது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கிராமம் கிராமமாகப் போய்க் குடும்ப நல அறுவை சிகிச்சைக்கு ஆள் சேர்த்த எங்க துறை செவிலியர்களுக்கு இந்தக் கணக்கை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியலை.

ஜி.எஸ்.டி. கவுன்சிலிலும் இதே கதை. ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மிச்சம். ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேணும். அதாவது டெல்லி தலையாட்டாமல் எதுவும் நடக்காது. மாநிலங்களுக்குள் பார்த்தால் ஏழு கோடிக்கு மேல் ஜனம் இருக்கும் தமிழ்நாட்டுக்கும் கோவாவுக்கும் ஒரே எடை ஓட்டு. 2021 மே 28ல் தன் முதல் கவுன்சில் கூட்டத்திலேயே இதைப் பற்றிப் பேசினார், கோவாக்காரங்களோடு பெரிய சண்டையே ஆச்சு. அந்தத் தேதியைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இரண்டாம் அலை. வார்டில் ஆக்சிஜன் பெட் இல்லாமல் ஆம்புலன்ஸ் வரிசையில் நின்ற நாட்கள். அன்றைக்கு மருத்துவ ஆக்சிஜனுக்கு 12 சதவீதம் ஜி.எஸ்.டி., ரெம்டெசிவிருக்கு 12, தடுப்பூசிக்கு 5. வரியை நீக்குங்கள் என்று நம்ம முதல்வர் பிரதமருக்கே கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கூட்டத்தில் முடிவு எடுக்காமல் அமைச்சர்கள் குழு போட்டார்கள். ஜூன் 12ல்தான் ஆக்சிஜனையும் ரெம்டெசிவிரையும் 5க்கு இறக்கினார்கள். தடுப்பூசி 5லேயே நின்றது. அந்த ரெண்டு வாரம் வார்டில் இருந்தவன் என்ற முறையில் சொல்றேன், பி.டி.ஆர் அந்தக் கூட்டத்தில் இன்னும் சத்தமாகக் கத்தியிருந்தாலும் நான் தப்புச் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்புறம் "இலவசம்".

2022 ஜூலையில் பிரதமர் உத்தரப்பிரதேசத்தில் ஒரு விழாவில் "ரேவடி" கலாசாரம் என்று பேசினார். ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றத்தில் விவாதம். ஆங்கில சேனலில் பி.டி.ஆரிடம் கேட்டபோது அவர் சொன்ன பதிலின் சாரம்: என் கொள்கையை மாத்தச் சொல்ல உங்களுக்கு ஒன்று, அரசமைப்பு அதிகாரம் இருக்கணும். இல்லையென்றால் பொருளாதாரத்தில் பெரிய நிபுணத்துவம் இருக்கணும். அதுவும் இல்லையென்றால் நீங்க ஆட்சி செய்து எங்களைவிட நல்ல ரிசல்ட் காட்டியிருக்கணும். மூணும் இல்லாமல் எந்த அடிப்படையில் நான் உங்க பேச்சைக் கேட்கணும்? அந்த வீடியோ நாடு முழுக்க ஓடுச்சு. என் வாட்ஸ்அப்பிலேயே இருபது தடவை வந்திருக்கும்.

அந்த மூணாவது பாயிண்டைப் பிடிச்சுக்கோங்க. ரிசல்ட். செலவை அதன் பெயரை வைத்து எடை போடாதே, அதனால் என்ன விளைந்தது என்று பார். இதுதான் அவருடைய அளவுகோல். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8ல் இருந்து நடக்குது. எங்க ஓ.பி.யில் மாசா மாசம் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்க வருகிற அம்மாக்களில் எத்தனை பேர் பஸ் காசுக்குப் பயந்து ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்துக்கிட்டிருந்தாங்க என்று எனக்குத் தெரியும். இது என் ஓ.பி. அனுபவம், ஆய்வு என்று சொல்ல வரலை. ஆனால் மாத்திரை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிட்டு, இல்லை டயாலிசிஸ் கேட்டு வருவாங்க. அதுக்கு ஆகும் செலவில் ஒரு ஊருக்கே பஸ் விடலாம்.

இதுவரைக்கும் நான் பி.டி.ஆர் கட்சி.

இப்போ பிரச்சினைக்கு வர்றேன். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க, ஏன்னா பட்ஜெட் பாஷை நம்மைத் தூங்க வைக்கிறதுக்காகவே எழுதப்படுவது.

அரசு செலவைக் கணக்கில் ரெண்டாகப் பிரிப்பாங்க. ஒன்று மூலதனச் செலவு: கட்டடம், ரோடு, பாலம், ஸ்கேன் மிஷின். இன்னொன்று வருவாய்ச் செலவு: சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம், மருந்து, கரண்ட் பில். அரசுக்கு வரும் வருமானத்தைவிட இந்த வருவாய்ச் செலவு அதிகமாக இருந்தால் வரும் இடைவெளிதான் வருவாய்ப் பற்றாக்குறை. கடன் வாங்கி மூலதனச் செலவு செய்தால் "வளர்ச்சி". கடன் வாங்கி வருவாய்ச் செலவு செய்தால் "ஊதாரித்தனம்". இது நிதித்துறைக்காரங்களுக்கு வேத வாக்கு. 2003ல் வந்த தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும் வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பதைத்தான் இலக்காகச் சொல்லுது.

பி.டி.ஆர் தன் சாதனையாக முதலில் சொன்னது இந்த எண்ணைத்தான். 2020-21ல் ஏறத்தாழ 62,000 கோடியாக இருந்த வருவாய்ப் பற்றாக்குறையை 2022-23 திருத்திய மதிப்பீட்டில் ஏறத்தாழ 30,000 கோடிக்கு இறக்கினார். பாதியாகக் குறைச்சது. லேசான வேலை இல்லை. கொரோனாவுக்குப் பிறகு வரி வருமானம் ஏறியதும் அதில் ஒரு முக்கியக் காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லணும், ஆனாலும் சாதனைதான்.

என் கேள்வி வேற. அந்தக் கணக்கில் நர்ஸ் எங்கே இருக்காங்க?

கிண்டியில் 230 கோடி ரூபாயில் ஆயிரம் படுக்கை மருத்துவமனை எழும்பி நிற்குது. 2023 ஜூனில் திறப்பு விழா நடந்தது. அந்தக் கட்டடம் மூலதனச் செலவு. நல்ல செலவு. அதுக்குள்ளே ராத்திரி ரெண்டு மணிக்கு நோயாளியின் சலைன் பாட்டிலை மாத்தும் செவிலியரின் சம்பளம் வருவாய்ச் செலவு. கெட்ட செலவு. 2022 ஜனவரி 12ல் ஒரே நாளில் 11 மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். கட்டடத்துக்கு ஏறத்தாழ 4,000 கோடி, ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து போட்டது. பெருமையான விஷயம். அந்தக் கல்லூரிகளில் பாடம் எடுக்கும் பேராசிரியர், அங்கே பிரசவம் பார்க்கும் டாக்டர், ஓ.டி. உதவியாளர், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் "வருவாய்ப் பற்றாக்குறையை அதிகரிக்கும் காரணிகள்". ரிப்பன் வெட்டலாம், சம்பளப் பட்டியலுக்கு ரிப்பன் கட்ட முடியாது.

தமிழ்நாட்டின் மருத்துவச் சாதனை என்று நீங்களும் நானும் மார்தட்டும் எண்ணை எடுத்துக்குவோம். பேறுகால மரணம். 2004-06ல் ஒரு லட்சம் உயிருள்ள பிரசவங்களுக்கு 111 தாய்மார்கள் இறந்தாங்க. 2018-20 கணக்குப்படி 54. அதே காலத்தில் இந்திய சராசரி 97, உத்தரப்பிரதேசம் 167. இந்த 111ஐ 54 ஆக்கியது எந்தக் கட்டடம்?

எந்தக் கட்டடமும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தை 24 மணி நேரமும் திறந்து வெச்சு, ஷிப்டுக்கு ஒருத்தர் என்று மூன்று செவிலியர் போட்டாங்க பாருங்க, அதுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதுக்கு முன்னாடி சாயந்திரம் ஆனால் பல இடங்களில் பூட்டு. பிரசவ வலி ராத்திரிதானே வருது பாதிப் பேருக்கு? பிரசவம் முடிஞ்சதும் ரத்தப்போக்கு நிற்கலைன்னா உங்களுக்கு இருக்கும் நேரம் ரொம்பக் கொஞ்சம். அங்கே வேண்டியது ஆக்சிடோசின் ஊசி. விலை ஒரு டீ, வடைக் காசு. ஜன்னி வந்தால் மெக்னீசியம் சல்பேட். அதுவும் சல்லிசான மருந்து. ஆனால் அந்த ஊசியை அந்த நிமிஷத்தில் போட ஒரு மனுஷி அங்கே இருக்கணும். வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கர்ப்பப்பை சுருங்கலைன்னு கண்டுபிடிக்கப் பழகின கை இருக்கணும். அவங்களை 108ல் ஏத்தி அனுப்ப டிரைவர் இருக்கணும், அந்தப் பக்கம் மயக்க மருந்து டாக்டர் இருக்கணும், ரத்த வங்கியில் டெக்னீஷியன் இருக்கணும். இந்த வரிசையில் இருக்கும் ஒவ்வொருத்தரும் வருவாய்ச் செலவு. 1995ல் இருந்து மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்பும் மாத்திரை, ஊசி மருந்துகளும் வருவாய்ச் செலவுதான்.

அதாவது நாம் பெருமைப்படும் சாதனையில் பெரும்பகுதி, பட்ஜெட் பாஷையில் "கட்டுப்படுத்த வேண்டிய" தலைப்பின் கீழ் இருக்கு.

இப்போ மறுபக்கம். 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வெச்சு செவிலியர்களை எடுத்தது. மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொல்லித்தான் எடுத்தாங்க. 7,700 அப்புறம் 14,000 ஆச்சு, 18,000 ஆச்சு. ஆட்சி மாறுச்சு. எட்டு வருஷம் கழிச்சு 2023லும் அதில் பலர் நிரந்தரம் ஆகாமல்தான் இருந்தாங்க. எங்க லேபர் வார்டில் நிரந்தர செவிலியரும் ஒப்பந்த செவிலியரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்வாங்க. ஒருத்தருக்குக் கிடைப்பதில் பாதிகூட இன்னொருத்தருக்குக் கிடையாது. நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. ரெண்டு பேரையும் "சிஸ்டர்"ன்னுதான் கூப்பிடுவாங்க.

கொரோனாவுக்காக எடுத்த ஒப்பந்த செவிலியர்களின் கதை இன்னும் மோசம். பி.பி.இ. கிட் போட்டு எட்டு மணி நேரம் பாத்ரூம் போகாமல் வேலை செய்தவங்க. 2022 டிசம்பர் 31ஓடு ஒப்பந்தம் முடிஞ்சது, நீட்டிப்பு கிடையாது என்று இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். புத்தாண்டு அன்றைக்கு வேலை இல்லை. போராட்டம் நடந்தது. மாற்றுப் பணி தருவோம் என்று பிறகு அமைச்சர் சொன்னார். அதுவும் ஒப்பந்தம்தான்.

"அது சுகாதாரத்துறை முடிவு, பி.டி.ஆரை ஏன் இழுக்கிறே?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. அரசு அலுவலகத்தில் வேலை செய்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க. நிதித்துறை இசைவு இல்லாமல் ஒரு பணியிடம்கூட உருவாகாது. ஃபைல் எந்தத் துறையில் பிறந்தாலும் அது உயிரோட இருக்குமா என்று தீர்மானிப்பது அங்கேதான். அதுவும் பி.டி.ஆர் வெறும் நிதியமைச்சர் இல்லை. மனிதவள மேலாண்மைத் துறையும் அவரிடம்தான் இருந்தது. அந்தத் துறைதான் 2022 அக்டோபரில் அரசாணை 115ஐப் போட்டது. அரசுப் பணியிடங்களை வெளிமுகமை மூலம் நிரப்புவது உட்பட ஆராய ஒரு குழு. ஊழியர் சங்கங்கள் கொதித்ததும் முதல்வர் தலையிட்டு ஆய்வு வரம்புகளை ரத்து செய்ய வேண்டி வந்தது. முதல்வர் ரத்து செய்தார் என்பது நல்ல விஷயம். அந்த எண்ணம் முதலில் எந்த மேசையில் உருவானது என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

ஓய்வூதியத்துக்கு வர்றேன். 2021 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி எண் 309: பழைய ஓய்வூதியத் திட்டம் மீண்டும் வரும். 2022 மே மாதம் சட்டமன்றத்தில் பி.டி.ஆர் அது நிதிச்சுமை, சாத்தியமில்லை என்ற பொருளில் பேசினார். இத்தனைக்கும் அந்த வருஷ பிப்ரவரியில்தான் ராஜஸ்தான் அதைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்திருந்தது. இங்கே இன்னொரு கூத்து உண்டு. 2023 வரை தமிழ்நாடு ஒன்றிய ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் திட்டத்தில் சேரவே இல்லை. என் சம்பளத்தில் 10 சதவீதம் பிடிச்சாங்க, அரசும் அதே அளவு போட்டது, எல்லாம் அரசு வசமே கிடந்தது. பழைய திட்டமும் இல்லை, புதிய திட்டமும் முழுசா இல்லை. இருபது வருஷமா ஐ.சி.யூ.வில் வெச்சிருந்தாங்க, டிஸ்சார்ஜும் இல்லை.

"டாக்டருக்கு என்ன குறை, சாயந்திரம் கிளினிக் வெச்சுச் சம்பாதிப்பீங்க, வரிப்பணத்தில் பென்ஷன் வேற வேணுமா?" இந்த கமெண்ட் நிச்சயம் வரும். ஒத்துக்குறேன், என்னைப் பற்றிக் கவலைப்படாதீங்க. ஆனால் 2023ல் சி.பி.எஸ்.ஸில் இருந்தது நான் மட்டும் இல்லை. நிரந்தரப் பணியில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், மருத்துவமனைப் பணியாளர், உங்க பிள்ளைக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் என்று 2003க்குப் பிறகு வந்த எல்லோரும் இருந்தாங்க. அவங்களுக்குச் சாயந்திர கிளினிக் கிடையாது.

டாக்டர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2009ல் கலைஞர் ஆட்சியில் வந்தது அரசாணை 354, மருத்துவர்களுக்கான காலமுறை ஊதிய உயர்வு. அதை மேம்படுத்தி, பன்னிரண்டாவது ஆண்டில் ஊதியப்பட்டை நான்கு தரணும் என்பது எங்க நீண்ட நாள் கோரிக்கை. 2019 அக்டோபர் கடைசியில் இதுக்காக ஒரு வாரம் வேலைநிறுத்தமே நடந்தது. பேசினோம், கெஞ்சினோம், போராடினோம். ஃபைல் நிதித்துறையைத் தாண்டலை. இதன் விளைவு உங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அரசு செலவில் மேற்படிப்பு முடிச்ச மயக்க மருந்து நிபுணர், இதய நிபுணர் எல்லாம் ஒப்பந்தக் காலம் முடிஞ்சதும் கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. அதே டாக்டரிடம் காப்பீட்டு அட்டையோடு நீங்க அங்கே போறீங்க. அந்தப் பில்லை அரசு கட்டுது. சம்பளமாகக் கொடுக்காத காசை பிரீமியமாகக் கொடுக்கிறோம். ரெண்டுமே வருவாய்ச் செலவு! இதில் மிச்சம் பிடிச்சது யாரு?

சரி, எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லாமல் ஓடக்கூடாது. "கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்தா எத்தனை நாள் ஓடும்? இலங்கையைப் பாரு" என்பீங்க. ஒரு குடும்பம் வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டால் தாங்காதுதான். மறுக்கலை. நான் கேட்பது, எல்லா வருவாய்ச் செலவையும் ஒரே மூட்டையில் கட்டாதீங்க என்பதுதான். மின்வாரியத்தில் திருட்டாலும் கசிவாலும் போகும் காசும் வருவாய்ச் செலவு, லேபர் வார்டு நர்ஸ் சம்பளமும் வருவாய்ச் செலவு. முதல்ல சொன்னது ரத்தக்கசிவு, ரெண்டாவது சொன்னது ரத்தம். பிரஷர் எண் குறையணும்னு ரத்தத்தை எடுத்துவிட்டாலும் எண் குறையும்தான்.

இந்தப் பிரிவினையைச் செய்யத் தெரியாதவர் பி.டி.ஆர் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அவருக்குத் தெரியும். கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியில் ஐந்து சவரன் வரை எல்லாருக்கும் என்று அள்ளி விடாமல், யாருக்குத் தகுதி, யார் ஏமாத்தியிருக்காங்க என்று கணக்குக் கணக்காகத் துருவி, பெரும்பாலான விண்ணப்பங்களைத் தள்ளிய அரசுதானே அது? திருமண உதவித்தொகையை மாத்தி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாசம் 1,000 என்று புதுமைப்பெண் திட்டம் கொண்டுவந்தார். அதுவும் வருவாய்ச் செலவுதான். ஆனால் அதை அவர் செலவு என்று பேசலை. எதிர்காலம் என்று பேசினார். 2023 செப்டம்பரில் இருந்து மகளிர் உரிமைத்தொகைக்கு 7,000 கோடி ஒதுக்கினார். அதையும் நான் ஆதரிக்கிறேன். வீட்டில் இருக்கும் பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று சொன்ன அதே பட்ஜெட், வார்டில் இருக்கும் பெண்ணின் உழைப்பைத் தொகுப்பூதியத்தில் வெச்சிருக்கு என்பதுதான் எனக்கு ஜீரணம் ஆகலை.

"எந்த அடிப்படையில் நான் உங்க பேச்சைக் கேட்கணும்" என்று டெல்லியைக் கேட்டாரே, அதே மூணாவது பாயிண்டை வெச்சு அந்த செவிலியர் கேட்கலாம். பேறுகால மரணம் 111ல் இருந்து 54. ரிசல்ட் காட்டியாச்சு. இனி எந்த அடிப்படையில் எங்களைச் சுமைன்னு சொல்றீங்க?

தங்கம் தென்னரசு அவர்கள் 2023 மே மாதம் பொறுப்பேற்றார். உடனே எல்லாம் செய்யச் சொல்லலை. ஒரே ஒரு வேலை கேட்கிறேன். அடுத்த பட்ஜெட்டில் சுகாதாரத்துறைக்கு இத்தனை ஆயிரம் கோடி என்று ஒற்றை எண்ணைப் படிக்காமல், அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, தொகுப்பூதியத்தில் எத்தனை பேர், எத்தனை வருஷமாக என்று ஒரு பக்கம் வெளியிடுங்க. பி.டி.ஆர் பஸ்ஸுக்கும் மின்சாரத்துக்கும் போட்ட மாதிரி ஒரு வெள்ளை அறிக்கை, மருத்துவமனைக்கு. ஒரு செவிலியருக்கு ராத்திரியில் எத்தனை நோயாளி என்ற எண்ணும் அதில் இருக்கட்டும். காசு இல்லை என்றால் அந்தப் பக்கத்தைக் கையில் வெச்சுக்கிட்டே டெல்லியில் போய்க் கேளுங்க, எங்க பங்கு எங்கேன்னு. நாங்களும் கூட நிற்கிறோம்.

ஓய்வூதியக் கணக்கு பற்றி விவரமாகக் கேட்டு இன்பாக்சில் மூணு பேர் எழுதியிருக்கீங்க. சி.பி.எஸ்.ஸில் எவ்வளவு பிடிக்கிறாங்க, ஓய்வு பெறும்போது கையில் என்ன வரும் என்பதை என் சொந்த சம்பளச் சீட்டை வெச்சே தனிப்பதிவாகப் போடுறேன். நாளைக்கும் நைட் டியூட்டி, அதனால் கமெண்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பதில் சொல்ல முடியும். திட்டுறவங்க தாராளமாகத் திட்டலாம், எண்ணில் தப்பு இருந்தால் மட்டும் எந்த எண் என்று குறிப்பிட்டுத் திட்டுங்க.